வேலியோர வெட்பாலை... சன்னபட்டணாவில் காதுத்தோடு!

'எங்கள் தோட்டத்து வேலியில் பன்னிரண்டு வெட்பாலை மரங்கள் நிற்கின்றன. கம்மல், வளையல் செய்ய வேண்டும் என்று ஒரு வியாபாரி வந்து கேட்கிறார். சன்னபட்டணாவுக்கு அனுப்பப் போவதாகச் சொல்கிறார். விறகுக்குப் போகிற மரத்தில் நகை செய்ய முடியுமா? உண்மை என்றால் மரங்களை அடியோடு கொடுத்துவிடலாமா?'

கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பியிருந்த கடிதம் இது. 'முடியும். ஆனால், அடியோடு கொடுக்காதீர்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டுமே! ஓசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம்தான் சன்னபட்டணா. நேரில் பார்த்துவிட்டே எழுதலாம் என்று கிளம்பினேன்.

பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். ரயிலில் போனால் பிடதி தாண்டியதும் இருபுறமும் யானை படுத்திருப்பது போலப் பாறைக் குன்றுகள். 'ஷோலே' படம் எடுத்த ராமநகரப் பாறைகள் அவைதான். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி பட்டு விவசாயிகளுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கூடு விற்க ராமநகரச் சந்தைக்கு வந்து போகிறவர்கள் பலர். அதைத் தாண்டி மல்பெரித் தோட்டம், தென்னை, நடுநடுவே ராகிக் காடு என்று பார்த்துக்கொண்டே வந்தால் சன்னபட்டணா. மரப்பாச்சி, பம்பரம், நடைவண்டி என அரக்குப் பூசிய பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடு வாங்கிய பொம்மைகள். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து ஆரம்பித்த தொழில் என்று ஊரில் சொல்கிறார்கள்.

பழைய மைசூரு சாலையின் ஓரத்தில் பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 2023-ல் புதிய விரைவுச்சாலை திறந்த பிறகு கார்கள் ஊருக்கு வெளியே ஓடிவிடுகின்றன. ''முன்னாடி மைசூருக்குப் போற வண்டி எல்லாம் இங்கதான் நிக்கும். இப்போ ஹாரன் சத்தமே இல்ல'' என்றார் ஒரு கடைக்காரர். நின்று வாங்குகிறவர்கள் குறைந்த இடத்தைக் கொஞ்சமாவது ஈடுகட்டுவது நகைகள்தான் என்பது அவருடைய கணக்கு. பொம்மையைக் குழந்தை இருக்கிறவர்கள்தான் வாங்குவார்கள். ஜிமிக்கி, வளையல், மணிமாலையை யாரும் வாங்குவார்கள். எடை குறைவு, பார்சல் அனுப்பச் சுலபம். கடையில் நான் நின்ற அரை மணி நேரத்தில் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் வாங்கியது காதணி.

ஆலெ என்றால் ஆல் அல்ல!

கைவினைஞர்கள் குடியிருக்கும் கலாநகர் பகுதியில் தெருவுக்குத் தெரு கடைசல் பட்டறைகள். உள்ளே நுழையும்போதே மோட்டார் சத்தமும், பச்சை மரம் சீவின வாசனையும், சூடான அரக்கு வாசனையும் கலந்து வருகின்றன. நான் போன பட்டறையில் ஐந்து கடைசல் இயந்திரங்கள். மூன்றில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜாண் நீளக் கட்டையைப் பொருத்தி, உளியை வைத்த சில நொடிகளில் பட்டாணி பட்டாணியாக மணிகள் உருவாகி வரிசை கட்டி நிற்கின்றன. ஓடுகிற கட்டைமேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடுகிறது. அதன்மேல் ஒரு துண்டு தாழை ஓலையை வைத்து அழுத்தினால் கண்ணாடி போன்ற பளபளப்பு. அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை.

பட்டறைக்குச் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். சென்னை வியாபாரிகளோடு பேசிப் பழகியதில் தமிழ் நன்றாகவே வருகிறது. ''என்ன மரம் பாய் இது?'' என்றேன். ''ஆலெ மரா சார்'' என்றார்.

இதைக் கேட்டுவிட்டு ஆலமரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் 'ப'வில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் 'ஹ'வாக மாறிவிடும். பால் அங்கே ஹாலு. பாலை அங்கே ஹாலெ. பேச்சில் 'ஹ' தேய்ந்து ஆலெ ஆகிவிட்டது. ஒடித்தால் பால் வடிகிற மரம் என்பதுதான் இரண்டு மொழியிலும் பெயர்க் காரணம். அதாவது, நம் வாசகர் வேலியில் நிற்கிற அதே வெட்பாலை. கோடையில் மல்லிகை போல வெள்ளைப் பூ பூத்து, இரண்டு இரண்டாக நீளக் காய் தொங்கி, காய்ந்து வெடித்தால் பஞ்சோடு விதை பறக்குமே, அந்த மரம். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துச் சிவந்த ஊதா நிறத்தில் தைலம் எடுத்து, காளாஞ்சகப் படைக்குப் பூசுகிறோம். மரத்தை மட்டும் அடுப்பில் வைக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. குடசப்பாலையும் பார்க்க இதே போல இருக்கும். வெட்பாலையில் இரட்டைக் காய்களின் நுனி ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும். குடசப்பாலையில் நுனி தனித்தனியாக விலகி நிற்கும். காய் இருக்கும் காலத்தில் பார்த்து, மரத்தில் சுண்ணாம்பால் ஒரு அடையாளம் போட்டு வைத்துவிட்டால் பிறகு குழப்பம் இல்லை. ஏழு இலையாக அடுக்கி நிற்கும் ஏழிலைப்பாலை முற்றிலும் வேறு.

தேக்கு ஏன் ஆகாது?

''தேக்கு, ஈட்டி எல்லாம் இருக்க, இந்த வேலி மரத்தைப் போய் ஏன் பிடித்தீர்கள்?'' என்று கேட்டதும் பெரியவர் சிரித்தார். ''தேக்குல கதவு பண்ணு சார். மணி எதுக்கு?'' என்றவர், தேக்குத் துண்டு ஒன்றையும் ஆலெத் துண்டு ஒன்றையும் எடுத்து, வெட்டுமுகத்தை எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினார். தேக்கில் ஆண்டு வளையத்தை ஒட்டி ஊசி குத்தியது போலத் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஆலெயில் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்புக் கட்டியை அறுத்தது போல இருக்கிறது.

கதவுக்கு அந்தத் துளை ஒரு பொருட்டே இல்லை. மிளகளவு மணிக்கு அது பெரும் பள்ளம். அரக்கு பூசினாலும் கோடு கோடாகத் தெரியும். உளி போகும்போது ஓரம் பிய்யும். மணியில் நூல் துளை போடும்போது வாய் சிதறும். சில்வர் ஓக்கில் வேறு பிரச்னை. அதன் குறுக்கே பட்டை பட்டையாக ஓடும் ரேகைகள் தட்டுக்கும் பெட்டிக்கும் அழகு. கம்மலில் ஒரு பக்கம் ரேகையும் மறுபக்கம் வெறுமையுமாக, ஜோடி சேராமல் போய்விடும். நகையில் ஜோடி சேர வேண்டும் என்பதைப் பட்டறையில் சொல்லித்தான் நான் யோசித்தேன். பொம்மை ஒன்று போதும். காது இரண்டு இருக்கிறதே!

அடுத்தது நிறம். வெட்பாலை மரம் தந்தம் போல வெளுப்பு. மஞ்சள், அவுரி நீலம், காசுக்கட்டிப் பழுப்பு என்று எந்தச் சாயத்தை அரக்கில் கலந்து ஏற்றினாலும் அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. சிவந்த மரத்தில் மஞ்சள் அரக்கைப் பூசினால் அழுக்கு மஞ்சளாகத்தான் நிற்கும்.

பிறகு கனம். புளி, கருவேலம் போல இழுக்கிற கனம் இதில் இல்லை. ஜிமிக்கியைக் காதில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்க வேண்டும். அதேநேரம் முருங்கைக் கட்டை மாதிரி நார் நாராக இருந்தால் உளிக்கு நிற்காது. இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது வெட்பாலை.

எல்லாவற்றுக்கும் மேல், தோலில் படுகிற பொருள் இது. ஈட்டி வகை மரங்களின் தூளும் எண்ணெய்ப் பசையும் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். சேங்கொட்டை மரத்துப் பால் பட்டால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அழகாக இருக்கிறதே என்று தெரியாத மரத்தில் காதணி செய்து விற்பது வம்பு.

ஓரடிச் சுற்றளவு போதும்

பட்டறைக்குப் பின்னால் கட்டை அடுக்கியிருந்த கொட்டகைதான் நான் பார்க்கப் போன இடம். தூண் மாதிரி மரங்களை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துதான் போயிருக்க வேண்டும். பெரும்பாலும் கைப்பருமன், தொடைப்பருமன் கட்டைகள். மணிக்கட்டுப் பருமன் கிளைகள் தனியாக ஒரு குவியல்.

வளையல் கணக்கைப் பெரியவரே போட்டுக் காட்டினார். கடைகளில் 2.6 என்று கேட்கிற வளையலுக்கு உள் விட்டம் இரண்டே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வளையலின் கனத்தை இரு பக்கமும் சேர்த்தால் மூன்றேகால் அங்குலம். பட்டையும் கடைசல் கழிவும் போக, நாலு அங்குலக் குறுக்களவுள்ள கட்டை போதும். அதாவது சுற்றளவு ஓரடி. நடுத்தண்டு இருக்கும் பகுதி எப்படியும் குடைந்து போகிறது. வெடிப்பு தொடங்குகிற இடமும் அதுதான் என்பதால் அது போவது நல்லதே. குடைந்தெடுத்த பகுதியிலும் சிறு மணி கடைகிறார்கள். மணிக்கும் கம்மலுக்கும் ஒன்றரை அங்குலக் கிளையே தாராளம். கணு இருக்கும் இடத்தில் நார் திரும்பும். அங்கே உளி தெறிக்கும். அதனால் கணுவுக்குக் கணு இடையில் ஆறு அங்குலம் நேராகக் கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

'ஒதி பெருத்தாலும் உத்திரமாகாது' என்று நம் ஊரில் மரத்தை எடை போடுவதே உத்திரத்தை வைத்துத்தான். இங்கே வந்து பார்த்தால் அந்த அளவுகோல் தலைகீழாகிவிடுகிறது. நாம் கவாத்து பண்ணி, வரப்பில் குவித்து, மழைக்காலத்தில் உளுத்துப் போக விடுகிற கிளைதான் இவர்களுக்கு வேண்டிய சரக்கு.

ஆனால், அதை விட்டுவைக்கிற விதம் முக்கியம். வெளுத்த மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, நீலம் பாய்வது. வெட்டிய கட்டையை ஈரத்தோடு, காற்றுப் புகாமல் குவித்து வைத்தால் பூஞ்சை பிடித்து உள்ளே சாம்பல் நீலக் கோடு ஓடிவிடும். பலம் குறையாவிட்டாலும் நிறம் போச்சு; நகைக்கு ஆகாது. மற்றது, துளைக்கிற வண்டு. கட்டையைத் தட்டினால் மாவு கொட்டும். இரண்டையும் தடுக்க, வெட்டிய சில நாட்களுக்குள் பட்டை உரித்து, இரண்டு வெட்டுமுகங்களையும் பூசி அடைத்து, நிழலில், தரையில் படாமல், இடைவெளி விட்டு அடுக்கிக் காய வைக்கிறார்கள். முனையைப் பூசுவது ஏன் என்றால், ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கே முதலில் காய்ந்து சுருங்கி வெடித்துவிடும். பழைய பெயின்ட், மெழுகு எது கிடைத்தாலும் சரி. சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசினாலும் ஓரளவு தாங்கும்.

''எத்தனை நாள் காயணும்?''

''ரெண்டு மூணு மாசம். பெரிய கட்டைக்கு இன்னும் கூட. அவசரப்பட்டா அதோ பாரு'' என்று மூலையைக் காட்டினார். வெடித்த கட்டைகள் ஒரு குவியல்.

மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. வளையங்களை ஒட்டிச் சுற்றுகிற திசையில் சுருக்கம் அதிகம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகிற திசையில் அதில் ஏறத்தாழ பாதிதான். இந்த வித்தியாசத்தால்தான் முழுக் கட்டை நெடுக்காகப் பிளக்கிறது. ஈரத்திலேயே வளையலைக் கடைந்துவிட்டால், வாங்கின பெண்ணின் வீட்டில் போய் அது சுருங்கும், முட்டை வடிவமாகும், அரக்கு கொப்பளித்து உரியும். கடைக்குத் திரும்பி வருகிற ஒவ்வொரு வளையலும் காயாத மரத்தின் கதை என்கிறார் பெரியவர். வியாபாரிகள் காய்ந்த மரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பதற்கு இதுதான் காரணம். இந்த ஒரு விஷயத்தை நம் விவசாயிகள் மனதில் வைத்துக்கொண்டாலே போதும்.

ரப்பர் வந்த கதை

கொட்டகையில் பாதி இடத்தை அடைத்திருந்தது வெட்பாலை இல்லை, ரப்பர் மரம். பால் வற்றிய கேரளத் தோட்டங்களில் வெட்டி, சட்டமாக அறுத்து, வண்டு பிடிக்காமல் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி, சூளையில் காய வைத்து வருகிறது. ஒரே அளவு, ஒரே ஈரம். போன் போட்டால் லாரி வந்து நிற்கிறது. ஆலெ மரத்துக்கு அப்படி ஒரு தோட்டமே கிடையாது. காட்டோரத்திலும் வேலியிலும் தானாக முளைத்ததை வெட்டி வெட்டித் தீர்த்தாயிற்று, நட்டவர்கள் குறைவு.

ரப்பரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. விவசாயி பயிர் செய்து முடித்த மரம் வீணாகாமல் பொம்மை ஆகிறது, நல்லதுதான். பெரிய பொம்மைக்கும் தடித்த வளையலுக்கும் அது போதும். ஆனால், பொடி மணியிலும் மெல்லிய கம்மலிலும் அதன் துளைகள் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ''கண்ண மூடிட்டு உளிய வச்சாலே எது ஆலெ, எது ரப்பர்னு தெரியும்'' என்றார் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர். அவருக்கு ஆலெ என்றால் உளி தீட்டும் வேலை மிச்சம்.

இந்த மரத்தை நம்பி இருப்பது சன்னபட்டணா மட்டுமில்லை. ஆந்திராவில் வராக நதிக்கரையில் இருக்கும் ஏட்டிகொப்பாகாவில் அரக்கு பொம்மை செய்வதும் இதே மரத்தில்தான். அங்கே அங்குடு என்கிறார்கள். அந்த ஊர்ப் பொம்மைகளில் இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களும் அரக்குக் கடைசல்தான். அங்கே மஞ்சக்கடம்பு அருகிப்போன பிறகு, கிடைக்கிற மரத்தில் வேலை ஓடுகிறது. மூன்று மாநிலத்தில் மூன்று ஊர். தொழில் தெரிந்த கைகள் இருக்கின்றன, மரம்தான் இல்லை.

கருங்காலி மாலையும் கலர் தண்ணீரும்

மர நகை என்றாலே நம் ஊரில் இப்போது கருங்காலி மாலைதான். அதைப் பற்றியும் பெரியவரிடம் கேட்டேன். கையைத் தட்டிச் சிரித்தார். ''கறுப்பு சாயம் எவ்ளோ ஈஸி தெரியுமா சார்?''

கருங்காலியில் கறுப்பாக இருப்பது உள்ளே இருக்கும் வைரம் மட்டும்தான். வெளிப்பகுதி வெளுப்பு. மரமோ மிக மெதுவாக வளர்வது. தெருவுக்குத் தெரு தொங்குகிற மாலைகள் அத்தனைக்கும் வைரம் எங்கிருந்து வரும் என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வாங்கியதைச் சோதிக்க, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு தாராளமாக இறங்கினால் சாயம். இன்னும் நம்பகமான வழி, ஒரு மணியின் நூல் துளைக்குள் ஊசியால் சுரண்டுவது. உள்ளேயும் கறுப்பாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்ப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கனமான வேறு மரங்களும் மூழ்கும்.

இந்த மோகத்தைப் பார்த்துவிட்டு, பட்டா நிலத்தில் நிற்கும் சந்தனம், செம்மரத்தில் கை வைக்கத் துணிகிறவர்களும் உண்டு. சொந்த நிலமாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றை வெட்டவோ கொண்டுபோகவோ கூடாது. செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. 'சும்மா நாலு மணிதானே' என்கிற பேச்சு அங்கே எடுபடாது.

கறுப்போ சிவப்போ வேண்டும், சாயம் வேண்டாம் என்று நினைக்கிற கைவினைஞர்களுக்கு நம் வீட்டைச் சுற்றியே மரம் இருக்கிறது. முற்றிய பூவரசின் வைரம் நல்ல சாக்லேட் பழுப்பு. இழைத்து எண்ணெய் தொட்டாலே மின்னும். எல்லோரும் திட்டித் தீர்க்கிற சீமைக் கருவேலத்தின் வைரம் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும், செம்பழுப்பு நிறம். கனம் அதிகம் என்பதால் காதுக்கு வேண்டாம், கழுத்துப் பதக்கத்துக்கும் மோதிரத்துக்கும் ஆகும். இவற்றுக்கு அரக்கு தேவையில்லை.

அரக்கு நகை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரக்கு சாராயத்தில் கரைகிற பொருள். சென்ட், சானிடைசர் பட்டால் பளபளப்பு போய்விடும். தண்ணீரில் ஊறினால் வெளுத்து மங்கும். குளிக்கும்போது கழற்றி வையுங்கள்.

பன்னிரண்டு மரத்தை என்ன செய்வது?

வாசகர் கேள்விக்கு வருகிறேன். வெட்பாலை, வெட்டினால் துளிர்க்கிற மரம். வேரிலிருந்தும் பக்கக் கன்று விடும். அதைத் தோண்டி எடுத்துக் கொடுப்பது, பால் கறக்கிற மாட்டை அடிமாட்டுக்கு விற்பது போல. வியாபாரி அடியோடு கேட்பது அவர் வசதிக்கு. அடிக்கட்டை எடை நிற்கும், ஒரே நாளில் வேலை முடியும். பட்டறைக்கு வேண்டியது அடிக்கட்டை இல்லை என்பதைத்தான் மேலே பார்த்தோமே!

வருடத்துக்கு மூன்று மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்து நிற்கும் தை, மாசியில், பூ எடுப்பதற்கு முன், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கூரான வாளால் சாய்வாக வெட்டுங்கள். பட்டை கிழியக் கூடாது. மழை கண்டதும் துளிர் கொத்தாக வரும். நேராகப் போகிற இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்; அந்தத் துளிர் இலை தைலத்துக்கு ஆகும். இரண்டாண்டு வரை ஆடு கடிக்காமல் முள் கட்ட வேண்டும். அடுத்த வெட்டு எப்போது என்பதைத் துளிரின் பருமன்தான் சொல்ல வேண்டும். மெதுவாக வளர்கிற மரம், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. தனியாக இதற்கென்று ஏக்கர் கணக்கில் நடச் சொல்லவும் மாட்டேன். வேலி, வரப்பு, பாறை ஓரம் போன்ற, வேறு எதுவும் வராத இடத்துக்குத்தான் இது.

காய் முற்றி வெடிப்பதற்குச் சற்று முன்பு, மார்கழி, தை வாக்கில் பறித்து, துணிப்பையில் கட்டி நிழலில் வைத்தால் பைக்குள்ளேயே வெடிக்கும். பஞ்சை நீக்கி, அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுவது நல்லது. மழைக்கு முன் கன்று தயாராகிவிடும்.

இனி விற்பனை. இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்று மரத்தின் கட்டை ஒரு மாட்டு வண்டிக்குக் கூடக் காணாது. அதற்காக ஓசூரிலிருந்து வண்டி பிடித்தால் வாடகையிலேயே பணம் போய்விடும். பச்சைக் கட்டையாக அனுப்பினால் பாதி வாடகை தண்ணீருக்குக் கொடுக்கிற வாடகை. அதனால், ஓரடி ஓரடியாக அறுத்து, பட்டை உரித்து, முனை பூசி, உங்கள் கொட்டகையிலேயே மூன்று மாதம் காய வையுங்கள். மணிக்கான கிளையைத் தனியாகவும், வளையலுக்கான ஓரடிச் சுற்றளவுக் கட்டையைத் தனியாகவும் கட்டுங்கள். அக்கம்பக்கத்தில் வெட்பாலை வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு வண்டிச் சரக்கு தேறும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்கள் அதன் வழியாகவே பேசலாம். விறகுக்கடை விலைக்குச் சம்மதிக்காதீர்கள். அதேநேரம் சந்தன விலையும் எதிர்பார்க்காதீர்கள். பட்டறைக்காரர் கைக்கு எட்டாத விலை சொன்னால் அவர் போன் போட ரப்பர் இருக்கிறது.

மரத்தை மாநில எல்லை தாண்டி எடுத்துப் போவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் என்ன சீட்டு வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மரம் பட்டா நிலத்தில் நிற்பதற்கான சான்றும் கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இது வெறும் வெட்பாலைதான் என்று விளக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

நேரில் போய்ப் பேச நினைப்பவர்களுக்கு... பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் பயணிகள் ரயில்கள் சன்னபட்டணாவில் நிற்கும். பேருந்தில் போகிறவர்கள் விரைவுச்சாலை வண்டியில் ஏறிவிடாமல், ஊருக்குள் போகிற வண்டிதானா என்று கேட்டு ஏறுங்கள். நிலையத்திலிருந்து கலாநகருக்கு ஆட்டோ கிடைக்கும். கடைத் தெருவில் விசாரிப்பதைவிட நேராகப் பட்டறைக்குப் போவது மேல். கையோடு உங்கள் மரத்தின் காய்ந்த கிளை ஒன்றை, ஒரு ஜாண் நீளத்துக்கு, எடுத்துப் போங்கள். பெரியவர் என்னிடம் முதலில் கேட்டதே, 'மரம் எங்க?' என்றுதான்.